ஷட்டர் இறக்காத கடை

ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் புடவை விற்கிறவர்கள் ஜெயத்தைத் தெருமுனையில் பார்த்ததுமே ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். வாங்குகிறாளோ இல்லையோ, அலமாரியில் பாதியைக் கீழே இறக்கவைக்காமல் போகமாட்டாள். முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, "இது ரெண்டு தண்ணிக்குத் தாங்காதுப்பா" என்று கடைக்காரனுக்கே சொல்லுவாள். அதற்குப் பிறகு பேரம் ஆரம்பிக்கும். அவன் ஒன்று சொல்ல, இவள் பாதி சொல்ல, அவன் தலையில் அடித்துக்கொள்ள, இவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்க, அவன் பின்னாலேயே வந்து கூப்பிட, பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். அவர்கள் இருவருக்கும் அது பேச்சுத்துணை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் பேரம் பேசமாட்டாள். கல்யாணமான பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரவேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். துணி தெரிந்தவள் என்பதால் அவள் வாழ்க்கைப்பட்ட மண்ணூரில் எந்த வீட்டுச் சாவுக்கும் கோடி எடுக்க ஜெயத்தைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள் வாயே திறக்கமாட்டாள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவாள். "இருக்கற வரைக்கும் எல்லாத்துக்கும் பேரம் பேசிட்டோம். இதுக்கும் பேசுனா, போறவ நம்மள கேவலமா நெனைப்பா" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் அவள் தம்பி உதயசூரியன் அந்த வார்த்தையை விட்டான். ஒரகடத்தில் கார்களுக்குப் பாகம் செய்யும் ஆலையில் வருஷக்கணக்காகக் காண்ட்ராக்டில் இழுபட்டு, ஒருவழியாகப் பர்மனென்ட் ஆன நாள் அது. ஸ்வீட் டப்பாவும் கையுமாக மண்ணூருக்குப் போனான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அவனுக்குக் கூடப்பிறந்த சொந்தம் என்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் பிறந்த வீடு என்றால் அவன்தான்.

"உனக்கு இன்னா வேணும் கேளுக்கா. இன்னா வேணா கேளு."

ஜெயம் லட்டைப் பாதி கடித்து நிறுத்தி யோசித்தாள். "சிங்கப்பூர்ல ஒரு கடை கீதாமேடா. ராத்திரி, பகலு, நல்லது, கெட்டது, எதுக்குமே ஷட்டர் எறக்க மாட்டானாமே. அத ஒருதபா பாக்கணும்."

"அவ்ளோதானே? சிங்கப்பூரு, பேங்காக்கு, மலேசியா, மூணும் சுத்திட்டு வரலாம். நான் கூட்டிகினு போறேன்."

சந்தோஷத்தில் யாரும் எதையாவது சொல்லுவார்கள். கேட்டவர்களும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஜெயம் மறக்கிற ரகம் இல்லை. அடுத்த மாதமே பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். வெரிஃபிகேஷனுக்கு வந்த போலீஸ்காரருக்கு மோர் கொடுத்து, "சிங்கப்பூர்ல குடை இன்னா வெல சார்?" என்று கேட்டாளாம். அவர் காஞ்சிபுரம் தாண்டியே போனதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஜெயத்தின் புருஷன் மூர்த்தி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். மகள் கனிஷ்கா செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு ரூம் கட்டி, ஃபேக்டரி வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் நாச்சியார் என்று ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கம். செல்போன் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஜெயத்தின் வாசற்படியில் உட்கார்ந்து, தன் போனில் கடை வீடியோ ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாள். ஜெயம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, சீரியல்கூட அப்படிப் பார்த்ததில்லை என்கிற மாதிரி பார்ப்பாள்.

பேங்காக்கில் துணி, கோலாலம்பூரில் கைப்பை, சிங்கப்பூரில் தைலமும் சோப்பும் சாக்லேட்டும் என்று ஆறே மாதத்தில் முடிவாகிவிட்டது. கனமானதைக் கடைசி ஊரில்தான் வாங்கவேண்டும், இல்லையென்றால் மூன்று ஊருக்கும் நாமே சுமக்கவேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். பேங்காக்கில் கடைக்காரன் விலையை வாயால் சொல்லமாட்டான், கால்குலேட்டரில் அடித்து நீட்டுவான், நாம் பதிலுக்கு அடித்து நீட்டவேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். அன்றிலிருந்து மளிகைக் கடை கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நாச்சியாரைக் கடைக்காரியாக உட்காரவைத்துப் பழகினாள்.

"யக்கா, இதுக்கும் கீழ எறங்குனா நான் கடையக் காலி பண்ணிட்டு ஊருக்குத்தான் போணும்" என்பாள் நாச்சியார்.

"போ. போறப்போ அந்தப் பைய குடுத்துட்டுப் போ."

வாரத்துக்கு ஒருமுறை தம்பிக்குப் போன் வரும். "லீவு இன்னா ஆச்சிடா?"

ஆலையில் வருஷத்துக்கு ஒரு வாரம் மெஷின்களைப் பழுதுபார்க்க மூடுவார்கள். ஷட்டவுன் என்று பேர். அந்த வாரம்தான் எல்லாருக்கும் லீவு. மற்ற நாளில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கேட்டால் ஏதோ சொத்தில் பங்கு கேட்டமாதிரி பார்ப்பார்கள். முதல் வருஷம் ஷட்டவுனில் உதயசூரியனைப் பராமரிப்பு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அதை அக்காவிடம் சொன்னபோது அவன் சொன்னது உண்மை.

"யார்ரா போட்டது?"

"சூப்பர்வைசர்தான்."

"பேரு இன்னா?"

"சண்முகசுந்தரம்."

"நட்சத்திரம்?"

"லீவு கேக்கறவன் நட்சத்திரமா கேப்பான்?"

"சரி உடு. முருகன் பேருதானே, சாமி பேருக்கே பண்ணிடறேன்."

செவ்வாய்க்கிழமை தவறாமல் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்ச் சண்முகசுந்தரம் பேருக்கு அர்ச்சனை செய்தாள். முகம் தெரியாத ஒரு சூப்பர்வைசரின் மனது இளகவேண்டும் என்று அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். விபூதியைக் காகிதத்தில் மடித்துத் தம்பியிடம் கொடுத்து, "அவர்கிட்ட குடுடா, வூட்ல எல்லாம் பூசிக்கட்டும்" என்றாள். உதயசூரியன் அதை யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டு மறந்தான். அவன் மனைவி மோகனப்ரியா துவைத்து எடுத்தபோது பை முழுக்க வெள்ளையாகக் குழைந்திருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு துணிக்கடைக்குப் போனான். ஜெயம் வழக்கம்போல் அலமாரியைக் கீழே இறக்கி, வழக்கம்போல் படி இறங்கி, திரும்ப ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கவுண்டரில் சண்முகசுந்தரமும் அவர் மனைவியும் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை உதயசூரியன் தாமதமாகத்தான் கவனித்தான். முகம் சுண்டிப்போய்விட்டது. ஜெயத்துக்கு அவர் யாரென்று தெரியாது. அவரைப் பார்த்தே, "ஏங்க, நீங்களே சொல்லுங்க, இந்த வெல அடுக்குமா?" என்று நியாயம் கேட்டாள்.

மறுநாள் கேண்டீனில் சண்முகசுந்தரம் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "நேத்து வந்தது யாருப்பா? செம ஆளு. அவங்கள வெளிநாடு கூட்டிகினு போனா கடைக்காரன் நம்மளுக்கே காசு குடுத்து அனுப்பிச்சிடுவான்."

மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். உதயசூரியனும் சிரித்தான். "தூரத்துச் சொந்தம் சார்" என்றான். சொன்ன பிறகு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை.

அதே மேஜையில்தான் அடுத்த ஷட்டவுனுக்கு நாலு ஜோடி சேர்ந்து பேங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் போகிற திட்டம் உருவானது. சண்முகசுந்தரம்தான் தலைவர். எந்த ஊரில் எந்த மார்க்கெட், எந்தக் கிழமை தள்ளுபடி, எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்று தினமும் கேண்டீனில் அதே பேச்சு. ஜெயம் மண்ணூர் வாசற்படியில் பேசியதற்கும் இதற்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. உதயசூரியன் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தன் யோசனை மாதிரி சொன்னான். "கனமான பொருள கடைசி ஊர்ல வாங்கணும் சார்." சண்முகசுந்தரம் மெச்சினார்.

"உங்க அக்காவையும் சேத்துக்கலாமே" என்றாள் மோகனப்ரியா. "ரெண்டு வருஷமா அதே நெனப்பா கீறாங்க."

"எல்லாம் ஜோடியா வராங்க. இவ வந்தா கட்டுச்சோறு கட்டிகினு வருவா. ஏர்போர்ட்ல டீக்கு பேரம் பேசுவா. அடுத்த வருஷம் தனியா கூட்டிகினு போறேன்."

"சொல்லிட்டாவது போலாம்ல."

"சொன்னா தாங்க மாட்டா. எதுக்கு வம்பு."

தாங்கமாட்டாள் என்று அவள்மேல் பழியைப் போட்டுவிட்டான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லாதது இவனுக்குத்தான். பூனாவில் ஒரு வாரம் ட்ரெய்னிங், கம்பெனி அனுப்புகிறது என்று அக்காவிடம் வாய் கூசாமல் சொன்னான். இந்தப் பொய் மட்டும் எப்படி வளைவு நெளிவில்லாமல் வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெயத்தின் குரல் ஒரு நொடி இறங்கியது. பிறகு அவளே தூக்கிக்கொண்டாள். "அப்போ இந்த வருசமும் இல்ல. போவட்டும், கம்பெனி அனுப்புதுன்னா நல்லதுதானே. பூனால குளுருமாமேடா?"

புறப்படுவதற்கு முந்தின நாள் மூர்த்தியிடம் ஒரு பை கொடுத்தனுப்பினாள். ஒரு மஃப்ளர், ஒரு பாட்டில் நிறையப் பருப்புப் பொடி. அங்கே சாப்பாடு ஒத்துக்காவிட்டால் சோற்றில் போட்டுப் பிசைந்துகொள்ள. மஃப்ளரை வீட்டில் வைத்துவிட்டார்கள். பொடி பேங்காக் போனது. ஹோட்டல் ரூமில் வட்டமாக உட்கார்ந்து நாலு ஜோடியும் அதைச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டார்கள். "யார் செஞ்சது? கை மணக்குதே" என்றார் சண்முகசுந்தரம்.

"எங்க அக்கா சார்" என்றான் உதயசூரியன். அந்தத் துணிக்கடை அம்மாதான் அது என்று அவருக்குத் தெரியாது.

மோகனப்ரியா எடுத்த போட்டோக்களை ஸ்டேட்டஸில் போட்டாள். போடுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் பார்க்கமுடியாதபடி அடைத்துவிட்டாள். ஜெயம், மூர்த்தி, கனிஷ்கா, சித்தப்பா பிள்ளைகள் என்று அவனே பக்கத்தில் உட்கார்ந்து பேர் பேராகச் சொன்னான்.

பேங்காக் மார்க்கெட்டில் ஒரு பெண் கால்குலேட்டரை அடித்து அவன் முன்னால் நீட்டினாள். உதயசூரியனுக்குப் பதிலுக்கு அடிக்கக் கை வரவில்லை. காட்டியதைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். அவள் கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்த்தமாதிரிகூட இருந்தது. அக்கா இருந்தால் இந்நேரம் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தான். உடனே, அடுத்த வருஷம் நிச்சயம் கூட்டிவரவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டே சுற்றினான்.

மூன்றாவது ஊரான சிங்கப்பூரில் இறங்கிய மறுநாள் சாயங்காலம், ஹோட்டல் வாசலில் வண்டிக்காக நின்றபோது மூர்த்தியிடமிருந்து போன் வந்தது.

"உதயா, அக்கா போய்ட்டாடா."

"எங்க மாமா போய்ட்டா?"

அவர் அழுதார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாடியில் துணி காயப்போடப் போயிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவளை, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நாச்சியார்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து தாங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

"நீ எப்போ வருவே? ஐஸ் பொட்டில வெச்சிருக்கோம். காலைல எமகண்டத்துக்கு முன்னால எடுத்துடணும்னு சொல்றாங்க. ஒன் கையால கோடி வராம எடுக்க முடியாதுடா."

"பூனாவுலேர்ந்து மொத ஃப்ளைட் புடிச்சி வந்துடறேன் மாமா."

அப்போதும் பூனா என்றுதான் வாய் சொன்னது. அக்கா இல்லை என்று ஆன பிறகும் அந்தப் பொய் யாருக்காக என்று அவன் யோசிக்கவில்லை. சண்முகசுந்தரம் ஓடியாடி விடியற்காலை விமானத்தில் இரண்டு சீட் பிடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். "யாருப்பா, சொந்த அக்காவா?" என்று கேட்டார். உதயசூரியன் தலையை மட்டும் ஆட்டினான்.

மெட்ராஸில் இறங்குகிற நேரத்துக்கு எந்தத் துணிக்கடையும் திறந்திருக்காது. ஸ்ரீபெரும்புதூரில் கேட்கவே வேண்டாம். கோடிக்கு எங்கே போவது என்று மோகனப்ரியாதான் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி, தமிழ்க்காரர்கள் நடமாடுகிற அந்த வீதியில், ஷட்டர் இறக்காத கடை இருந்தது.

உள்ளே ஒரே கூட்டம், வெளிச்சத்தில் கண் கூசியது. தைலம், சோப்பு, சாக்லேட், குடை, எல்லாம் ஜெயம் சொன்ன வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தமாதிரி இருந்தது. புடவைகள் மாடியில். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"யாருக்கு சார்?"

"எங்க அக்காவுக்கு."

"அவங்க நல்ல செவப்பா, மாநிறமா?"

"மாநிறம்."

அவள் பத்துப் பதினைந்து பிரித்துப்போட்டாள். உதயசூரியனுக்கு எதுவும் புரியவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் கோடி தேர்ந்தெடுத்தவள், தனக்கானதைத் துணி என்றால் முழமும் ஜாணும்கூடத் தெரியாத தம்பியின் கையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். கட்டைவிரலால் ஒரு முந்தானையைத் தேய்த்துப் பார்த்தான். என்ன பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட பட்டு ஒன்றை எடுத்தான். உள்மடிப்பில் காஞ்சிபுரம் என்று துணிச்சீட்டு தைத்திருந்தது.

"ரெண்டா எடுத்தா இன்னும் கொறையும் சார்."

"ஒண்ணு போதும்."

கீழே பில் போடுகிற பையன் பட்டனைத் தட்டினான். இந்த வாரம் பட்டுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று மெஷினே கழித்துக்கொண்டது.

"தம்பி, தள்ளுபடி வேணாம்."

பையனுக்கு விளங்கவில்லை. "ஆஃபர் சார். எல்லாருக்கும் உண்டு."

"எனக்கு வேணாம். முழு வெலை போடு."

"அப்படிப் போட முடியாது சார். சிஸ்டம் அதுவாவே கழிக்கும்."

"கழிக்கக்கூடாதுப்பா. அத எடுத்துட்டுப் போடு. தயவுசெஞ்சி."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மோகனப்ரியா அவன் தோளைத் தொட்டாள். மேனேஜர் வந்தார். உதயசூரியன் அவரிடமும் அதையேதான் சொன்னான். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணீர் பெருக அழுதுகொண்டு, விலையைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சுகிற ஒரு ஆளை அந்தக் கடை அதற்குமுன் பார்த்திருக்காது. கடைசியில் மேனேஜர் ஏதோ கார்டைத் தேய்த்துத் தள்ளுபடியை நீக்கினார். பையன் புடவையைக் கடையின் கவரில் போட்டு நீட்டினான்.

காலையில் மண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தது. மூர்த்தியோடு வேலை செய்கிற டிரைவர்கள் கம்பெனி பஸ் இரண்டைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். மூர்த்தி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கனிஷ்காவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதயசூரியன் பந்தலுக்குள் போய் அக்காவைப் பார்த்தான். நெற்றியில் பெரிய பொட்டு. ஏதோ விலையைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறமாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவன் பெட்டிமேல் கவிழ்ந்து அழுதான். ஊரே சேர்ந்து அழுதது.

"பொறந்த வூட்டு கோடி வந்துட்ச்சா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

உதயசூரியன் பையைத் திறந்து கவரோடு எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் கவரைப் பார்த்தான். கடையின் பேரும் அதன் கீழே சிங்கப்பூர் என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. விமானத்தில் அத்தனை நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு, அதை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூர்த்தி அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாகச் சோறு போடும்போதும் படுக்கும்போதும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்த பேர் அது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் உதயசூரியனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"லீவு குடுத்துட்டாங்களா மச்சான்?" என்றார்.

பிறகு பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தார்.

"ஜெயம், ஒன் தம்பிக்கு லீவு கெடச்சிட்ச்சாம்மா. நீ போன செவ்வாக்கெழம வரைக்கும் போய்ட்டு வந்தியே, அது பலிச்சிட்ச்சி."

பக்கத்து வீட்டுச் செல்லம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் புடவையை வெளியே எடுத்து விரித்துக் கரையைத் தடவினாள். "சிங்கப்பூர்லேர்ந்து வந்த கோடியா? இந்த ஊர்ல எவளுக்கும் வந்ததில்ல. குடுத்து வெச்சவ" என்றவள், பழக்கதோஷத்தில், "எவ்ளோ ஆச்சிப்பா?" என்றாள். இன்னொருத்தி அவளை அதட்டினாள். கோடிக்கு விலை கேட்கக்கூடாது.

பெண்கள் ஜெயத்தை உள்ளே எடுத்துப்போய்க் குளிப்பாட்டிப் புடவையைப் போர்த்தும்வரை ஆண்கள் வெளியே நின்றார்கள். உதயசூரியன் ரூம்களின் பக்கமாகப் போய்ச் சுவரில் சாய்ந்தான். நாச்சியார் அங்கே குடத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிறமாதிரி நின்றாள்.

"யண்ணே, ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது."

"சொல்லு."

"அக்கா போன்ல சார்ஜ் இல்லன்னா கூப்பிடதுக்குன்னு என் நம்பர அண்ணி வாங்கி வச்சிருந்தாவ. நேத்து காலைல அண்ணி ஸ்டேட்டஸ் என் போன்ல வந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. யக்கா, ஒங்க தம்பி அந்தக் கடைத் தெருவுலதான் நிக்காவ பாருங்கன்னு காட்டிட்டேன்."

உதயசூரியன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"பாத்தாளா?"

"பாத்தாவ. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாவ. பொறவு சிரிச்சாவ. எனக்கு எடம் பாத்துட்டு வரத்தான் போயிருக்கான், முன்னாடியே போயி எல்லாத்தையும் தெரிஞ்சி வச்சிக்கிட்டா என்னைக் கூட்டிப் போறப்ப அலைய வேண்டாம்லன்னு சொன்னாவ. அவனா வந்து சொல்லட்டும், நீ பாத்ததா காட்டிக்காதன்னாவ."

"நம்பித்தான் சொன்னாளா?"

நாச்சியார் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலண்ணே. சொல்லிட்டு உள்ள போயி மூஞ்சியக் கழுவுனாவ. அந்தக் கால்குலேட்டர எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்து, நீ வச்சிக்கன்னாவ. பொறவு நான் படுக்கப் போறப்ப, துணிய எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாவ."

வாசலில் மேளம் எழுந்தது. "கூடப்பொறந்தவன் எங்கப்பா, தோள் குடுக்க வரச் சொல்லு" என்று பெரியவர் குரல் கொடுத்தார். உதயசூரியன் போய்ப் பாடையின் முன்பக்கத்து மூங்கிலைத் தோளில் வாங்கினான். சிங்கப்பூர்ப் பட்டின் மஞ்சள் கரை நழுவி அவன் கன்னத்தில் பட்டது. கையை எடுத்து அதைச் சரிசெய்ய முடியாமல் அப்படியே நடந்தான்.